டிவில பாதிலேருந்தே பாத்த படம் உங்களுக்கு எது?

எதிர்வீட்டு ஆன்டெனா:
ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். எங்க வீட்ல அப்ப கேபிள் கெடையாது, எதிர்வீட்டு அத்தை வீட்லதான் படம். அவங்க சாப்ட்டு ஏனம் கழுவி வச்சுட்டு கதவ தொறக்குறதுக்குள்ள படம் ஆரம்பிச்சு அரை மணி நேரம் ஆயிருக்கும், முன்னாடியே போய் வாசல்ல நிக்கக்கூடாதுன்னு எங்கம்மா கண்டிஷன் வேற. அதனால நான் பத்து தடவைக்கு மேல பாத்த படத்துக்கெல்லாம் தலை கெடையாது, உடம்பும் வாலும்தான்.

போன வாரம் லீவு, சும்மாதான இருக்கோம்னு தளபதிய மொத ஷாட்லேருந்து போட்டேன். ஆரம்பம் கருப்பு வெள்ளைங்க!! போகி அன்னிக்கு ஒரு சின்னப் பொண்ணு தனியா புள்ளைய பெத்து, என்ன செய்றதுன்னு தெரியாம கூட்ஸ் வண்டில வச்சிடுறா, வண்டி கெளம்பிடுது. 1991ல வந்த படம், இத நான் இப்பதான் பாக்குறேன். கதை தெரியாம இல்ல, ஸ்ரீவித்யாதான் அம்மான்னு யாருக்குத்தான் தெரியாது. ஆனா பின்னாடி கோயில்ல ரயில் சத்தம் கேக்கும்போது அவங்க மொகம் மாறுமே, அத வெறுமனே பாக்குறது வேற, அந்த வண்டி போனத கண்ணால பாத்துட்டு பாக்குறது வேற. எந்திரிச்சு தண்ணி குடிச்சிட்டு வந்தேன்.

உங்களுக்கு இப்படி ஏதாச்சும் இருக்கா? மொதல்லேருந்து பாத்ததால பிடிக்காம போன படம் இருந்தாலும் சொல்லுங்க.

செகண்ட் ஷோ:
தப்பா எடுத்துக்காதீங்க ப்ரோ, தளபதிய அந்த ஆரம்பம் இல்லாம பாக்குறதுதான் நல்லாருக்கும்பேன். சூர்யாவுக்கே தெரியாதுல்ல தன் அம்மா யாருன்னு. நமக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சிட்டா இவன் எப்படா கண்டுபிடிப்பான்னு அதையே பாத்துட்டு ஒக்காந்திருக்கோம், தேவா பக்கத்துல அவன் நிக்கிற அழக கோட்ட விட்டுடுறோம். எனக்கு அந்தப் படம் மம்மூட்டி ரஜினி படம், அம்மா செண்டிமெண்ட் ரெண்டாவதுதான். (கர்ணன் கதைன்னு தெரிஞ்சே வந்தவனுக்கு எப்படி பாத்தாலும் ஒண்ணுதான், அது வேற விஷயம்.)

ஆனா உங்க கேஸ் எனக்கு தியேட்டர்லயே நடந்துச்சு. 2010 பொங்கல், ஆயிரத்தில் ஒருவன். வண்டிய போட எடம் கெடைக்காம சுத்தி சுத்தி உள்ள போனா ஆரம்பத்துல வர்ற 1279ம் வருஷத்து சோழர் கதை மொத்தமும் முடிஞ்சு கார்த்தி லூட்டி அடிச்சிட்டு இருக்காரு. நானும் இது ஏதோ புதையல் தேடுற படம்னு நெனச்சு நல்லா என்ஜாய் பண்ணேன், அந்த நடராஜர் நெழலுக்குள்ளயே ஓடுற சீன்லலாம் விசில். அப்புறம் பார்த்திபன் வந்ததும் கதை வேற எங்கயோ போவுது, யாருய்யா இவங்கள்லாம்னு பக்கத்து சீட்டுக்காரர கேட்டா அவரும் லேட்டா வந்தவராம். வெளிய வந்து படம் குப்பைன்னு பாக்குறவன்கிட்டலாம் சொன்னேன். நாலஞ்சு வருஷம் கழிச்சு டிவில மொதல்லேருந்து மாட்டுச்சு, அன்னிக்குதான் அந்த ஜனங்க எதுக்காக காத்துட்டு கெடந்தாங்கன்னு ஒறைச்சுது. இப்ப யாராச்சும் குப்பைன்னா சண்டைக்கு போறது நான்தான். ஆனா மொத பாதி காமெடில பாதி இன்னைக்கும் தாங்கல, அதையும் ஒத்துக்கறேன்.

பாலக்காட்டு சாம்பார்:
மைக்கேல் மதன காமராஜன். எங்க வீட்ல எப்ப டிவிய போட்டாலும் காமேஸ்வரன் சாம்பார்ல மீன் விழுந்திருக்கும். நாலு கமல் எப்படி வந்தாங்கன்னு நான் ஒருநாளும் யோசிச்சதே இல்ல, நாலு பேர் இருக்காங்க, எங்க தெருவுல நாலு நாய் இருக்குற மாதிரி. காலேஜ் வந்தப்புறம் ஒருத்தன் லேப்டாப்ல பாத்தா டைட்டில்லயே கத கேளுன்னு இளையராஜா பாடுறாரு, நாலு கொழந்தையும் பிரிஞ்ச கதை மொத்தத்தையும் ஒரே பாட்டுல சொல்லி முடிச்சிட்டாங்க. இப்ப இத வெப் சீரிஸா எடுத்தா அந்தப் பாட்டுக்கே ரெண்டு எபிசோடு ஃபிளாஷ்பேக் வச்சு நம்மள கொன்னுருப்பாங்க.

ஆனா உண்மைய சொன்னா எனக்கு ஆரம்பம் தெரிஞ்சதால ஒரு வித்தியாசமும் இல்ல. கிரேஸி மோகன் வசனத்துக்கு எங்கேருந்து ஒக்காந்தாலும் சிரிப்பு வருது, அதான் டிவிக்காரங்க 1990 படத்த இன்னும் வச்சு ஓட்டுறாங்க.

ட்யூஷன் தங்கச்சி:
சீரியல் சொல்லலாமா? நான் மெட்டி ஒலிய பாதிலேருந்து கூட பாக்கல, காதால கேட்டேன் 😂 ட்யூஷன் மிஸ் வீட்ல நாங்க முன் ரூம்ல கணக்கு போடுவோம், உள் ரூம்ல அவங்க மாமியார் சத்தமா வச்சு பாப்பாங்க. அஞ்சு பொண்ணுல யாரு அழறான்னு சத்தத்த வச்சே சொல்லிடுவேன். சரோவோட மாமியார் கொரல கேட்டு, நல்லா ஆறடி ஒசரத்துல ஒரு பொம்பளைன்னு நெனச்சு வச்சிருந்தேன், யூட்யூப்ல பாத்தா நம்ம பக்கத்து வீட்டம்மா மாதிரி இருக்காங்க. அதுக்கப்புறம் பயமே போயிடுச்சு, சீரியலும் போரடிச்சிடுச்சு. நீங்க கேட்ட பிடிக்காம போன கேஸ் இதுதான். அப்பாவா வர்ற டெல்லி குமார் மட்டும் பாத்தப்புறமும் பிடிச்சுது, அந்த மனுஷன் பேசாம ஒக்காந்திருக்குறத காதால எப்படி கேக்க முடியும்.

ஃபாஸ்ட் ஃபார்வர்டு:
பதினஞ்சு நிமிஷத்துல கதை சொல்ற வீடியோ ஆயிரம் இருக்கு, இதுக்கு போய் இவ்ளோ ஃபீலிங்கா

எதிர்வீட்டு ஆன்டெனா:
@ஃபாஸ்ட் ஃபார்வர்டு நீங்க கெளம்புங்க.
@செகண்ட் ஷோ நீங்க சொன்னத ரெண்டு நாளா யோசிச்சிட்டு இருக்கேன், பாதி சரின்னுதான் தோணுது, ஆனா அந்த கூட்ஸ் வண்டிய இனிமே பாக்காத மாதிரி இருக்க முடியாதே.

இத படிச்சிட்டு அத்தைக்கு போன் போட்டேன். ஏன் அத்தை தெனம் லேட்டா தொறப்பீங்கன்னா, "நீங்கள்லாம் வந்தா ஒரே கூச்சல், அதான் ஆரம்பத்த மட்டும் நிம்மதியா பாத்துட்டு தொறப்பேன்"ங்குறாங்க. ஏனம் கழுவுனதெல்லாம் பொய்யாம்! நாங்க உள்ள வந்ததும் அவங்க பாய விரிச்சு தூங்கிருவாங்க, அதனால எந்தப் படத்துக்கும் முடிவு தெரியாதாம். தளபதில தேவா செத்துருவான் அத்தைன்னேன். "அய்யய்யோ, எப்படா"ன்னாங்க.