மழைக்குப் பின் விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளக்கின்றன: என்ன செய்யலாம்?

ரோஸ் ஹில் அல்லித்தொட்டி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டின் பின்புறத்தில் சென்ற ஜூலை மாதம் ரப்பர் விரிப்புப் போட்டு, ஓரத்தில் கருங்கல் அடுக்கி ஒரு சிறு குளம் அமைத்தோம். நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர், ஆழம் 60 சென்டிமீட்டர். ஆகவே ஏறக்குறைய 3,600 லிட்டர் நீர் கொள்ளும். பதினான்கு தங்கமீன்களும் நான்கு கோய் (ஜப்பானிய அலங்காரக் கெண்டை) மீன்களும் இருந்தன. இரண்டு அல்லிச் செடிகளோடு, பாம்பிளமூஸ் தோட்டத்துத் தாமரைக் குளத்தைக் கண்டு ஆசைப்பட்டு வைத்த தாமரைத் தொட்டி ஒன்றும் உண்டு.

பொங்கல் வரை அடிக்கல் தெரியும் அளவுக்கு நீர் தெளிவாக இருந்தது. தைப்பூசத்தை ஒட்டி (இங்கு அது கோடை) பெய்த பெருமழைக்குப் பின் பத்தே நாளில் முருங்கைக்கீரைச் சாறு போலப் பச்சையாகிவிட்டது. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. எட்டு மணிக்கெல்லாம் ஒன்றும் நடவாததுபோல் நீந்துகின்றன. இதுவரை மூன்று தங்கமீன்கள் இறந்துவிட்டன. உடம்பில் புண்ணோ வெள்ளைப் புள்ளியோ இல்லை. வடிகட்டி இரவும் பகலும் ஓடுகிறது. பாசிக்கொல்லி மருந்து வாங்கி வைத்திருக்கிறேன், ஊற்றலாமா?

திரியோலே தோட்டக்காரர்:

எங்கள் குளத்திலும் பச்சை வந்தபோது பாசிக்கொல்லியைத்தான் ஊற்றினேன். இரண்டே நாளில் நீர் தெளிந்தது. தாமதிக்காமல் ஊற்றிவிடுங்கள்.

வாக்குவா குளக்காரர்:

ஐயா, தயவுசெய்து அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். திரியோலே அன்பரின் குளத்தில் மீன் குறைவாக இருந்திருக்கலாம். உங்கள் குளத்திலோ மீன்கள் ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கின்றன. பாசி பகலில் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை வெளியிடும். இரவிலோ மீன்களைப் போலவே தானும் சுவாசித்து அதைச் செலவழிக்கும். அதனால்தான் விடியற்காலையில் நீரில் பிராணவாயு மிகக் குறைந்து, வெயில் ஏறியதும் நிலைமை சீராகிறது. இந்த நிலையில் பாசி முழுவதையும் ஒரே நாளில் கொன்றால், அது அழுகும்போது மிச்சமிருக்கும் பிராணவாயுவும் தீர்ந்துபோகும். கோடை நீரில் அது இயல்பாகவே குறைவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: 20 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் கரையும், 30 பாகையில் ஏழரைதான்.

இன்றிரவே ஒரு காற்றுப் பம்பை வாங்கிப் போட்டு, விடியும்வரை ஓடவிடுங்கள். பம்பின் குழாய் நுனியில் மாட்டும் காற்றுக்கல்லை அல்லிக்கு எட்டாத மூலையில் வையுங்கள். அல்லி இலைக்கு அலையும் தெறிக்கும் நீரும் ஆகா. மீன்களுக்கு மூன்று நாள் தீனி வேண்டாம். பிறகு பின்வருவனவற்றை அளந்து எழுதுங்கள்: நீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.ஹெச். அளவை விடியற்காலையிலும் மாலை நான்கு மணிக்கும் தனித்தனியாக, மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா, அது மாறிவரும் நைட்ரைட், கார்பனேட் கடினத்தன்மை, அதாவது நீர்ச் சோதனைப் பெட்டியில் கே.ஹெச். என்று போட்டிருக்கும் அளவு. இன்னும் இரண்டு கேள்விகள்: கூரைத் தண்ணீர் குளத்தில் விழுகிறதா? தாமரைத் தொட்டியில் என்ன எரு இட்டீர்கள்?

ரோஸ் ஹில் அல்லித்தொட்டி:

காற்றுப் பம்பு போட்ட மறுநாளே விடியற்காலைத் தவிப்பு பாதியாகக் குறைந்தது, மிக்க நன்றி. அளவுகள் இவை. விடியற்காலை பி.ஹெச். 6.2, மாலை 9.2. அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம். நைட்ரைட் 0.25. கே.ஹெச். 1. இவ்வளவு வேறுபாடு இருக்குமா என்று ஐயப்பட்டு இரண்டு முறை அளந்தேன், மாறவில்லை.

மழைநீர் தூய்மையானது என்று எண்ணி, கூரைக் குழாயை நான்தான் குளத்திற்குத் திருப்பிவிட்டிருந்தேன். தாமரைத் தொட்டியில் பாதிக்கு மாட்டுச்சாண எரு, மேலே தோட்டத்து மண். இத்துடன், தேரைகள் வந்து கறுப்பு மணிமாலை போல முட்டையிட்டிருக்கின்றன. அவற்றால் கெடுதல் உண்டா?

வாக்குவா குளக்காரர்:

கே.ஹெச். 1 என்ற ஓர் அளவிலேயே கதை முழுவதும் இருக்கிறது. மழைநீர் தூய்மையானதுதான், தீங்கு அந்தத் தூய்மையில்தான். பி.ஹெச். அளவை நிலைநிறுத்தும் கார்பனேட் உப்பு எதுவும் அதில் இல்லாததால், கூரை நீர் வந்து குளம் நிரம்பி வழிந்தபோது, இருந்த உப்பும் வழிந்தோடிவிட்டது. நம் தீவின் கருங்கல் எரிமலைப் பாறை. சுண்ணாம்புக்கல்லைப் போலக் கரைந்து இந்த இழப்பை ஈடு செய்யாது. வடிகட்டியில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும் வேலைக்கே இந்த உப்பைச் செலவழிப்பவை. அது தீர்ந்து பி.ஹெச். இறங்கியதும் அவற்றின் வேலை மந்தமாகும், அம்மோனியா தேங்கும். தேங்கிய அம்மோனியாவும் தொட்டியிலிருந்து கசிந்த சாணச் சத்தும் பாசிக்கு விருந்தாயின. பச்சை நிறம் கடைசியில் வந்த விளைவு மட்டுமே.

மாலை அளவைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை. ஒரே அம்மோனியாவானாலும், பி.ஹெச். 7-இல் அதில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது, 9.2-இல் உங்கள் கோடை வெப்பத்தில் ஏறக்குறைய பாதி நச்சாகிவிடும். ஆகவே உங்கள் மீன்களுக்கு மாலையில் செவுள் எரிகிறது, விடியலில் மூச்சு முட்டுகிறது.

முதலில் கூரைக் குழாயை வேறு பக்கம் திருப்புங்கள். தினமும் ஐந்தில் ஒரு பங்கு நீரை, குளோரின் நீக்கிய குழாய்நீரால் மாற்றி அம்மோனியாவைக் குறையுங்கள். அது கால் மில்லிகிராமுக்கு இறங்கிய பிறகே சமையல் சோடா இடத் தொடங்குங்கள்; முந்திக்கொண்டால் விடியற்காலை பி.ஹெச்.-உம் 8-ஐத் தாண்டி, இருக்கும் அம்மோனியா நாள் முழுதும் நஞ்சாகும். ஆயிரம் லிட்டருக்கு 30 கிராம் இட்டால் கே.ஹெச். ஓர் அலகு உயரும். உங்களுக்கு நான்கு அலகு தேவை. மொத்தம் 430 கிராம் ஆகும். அதை நூறு நூறு கிராமாக, வாளியில் கரைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இடுங்கள். பின்னர் கோழித்தீவனக் கடையில் விற்கும் சிப்பித் தூளை வலைப்பையில் கட்டி வடிகட்டியில் போட்டுவிட்டால் அது மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும். இதற்காகக் கடற்கரைக்குப் போய்ப் பவளத் துண்டு பொறுக்க வேண்டாம்.

சாண எரு தாமரைக்கு நல்லதே; எங்கள் பாட்டியும் அப்படித்தான் வைப்பார். ஆனால் அடியில் ஒரு கைப்பிடி போதும். அதன் மேல் நான்கு விரல் கனத்திற்குக் களிமண் அப்ப வேண்டும்.

தேரைகள் 1922-இல் கரும்புப் பூச்சிகளைத் தின்னட்டும் என்று தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை. முட்டைச் சரத்தைக் குச்சியில் சுற்றி எடுத்து உலர்ந்த மண்ணில் போட்டுவிடுங்கள்; விட்டால் பொரிந்து, தலைப்பிரட்டைகளின் கழிவும் அம்மோனியாவைக் கூட்டும்.

திரியோலே தோட்டக்காரர்:

என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நான் மருந்து ஊற்றிய குளத்தில் அப்போது மீனே இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ரோஸ் ஹில் அல்லித்தொட்டி:

நான்கு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். விடியற்காலை பி.ஹெச். 7.4, மாலை 8.1, கே.ஹெச். 5, அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லை. அல்லி இலைகள் குளத்தின் பாதியை மூடியபின் பச்சையும் தானாகவே வெளுத்துவருகிறது. இரண்டடி ஆழத்தில் தொட்டியின் விளிம்பு மங்கலாகத் தெரிகிறது. வேறு மீன் எதுவும் இறக்கவில்லை. இனி நான்கு கோய்களையும் இங்கேயே வைத்திருக்கலாமா?

வாக்குவா குளக்காரர்:

கூடாது என்பதே என் கருத்து. கோய் இரண்டடிக்கு மேல் வளரும். வளர்ந்த ஒன்றுக்கு ஆயிரம் லிட்டராவது வேண்டும். அதற்குள் உங்கள் அல்லி வேரையும் தோண்டிவிடும். தங்கமீன்களுக்கு மட்டும் இந்தக் குளம் போதும். என்னிடம் 15,000 லிட்டர்க் குளம் இருக்கிறது. விருப்பமானால் சனிக்கிழமை காலையில் மூடியுள்ள பெரிய வாளிகளோடு வருகிறேன். வியாழன் முதல் கோய்களுக்குத் தீனி போட வேண்டாம். வயிறு காலியாக இருந்தால்தான் வழியில் வாளிநீரைக் கெடுக்காமல் வரும்.