ஸ்லாப்புக்குள்ளேயே மின்சூட்டுக் கேபிள்: கொங்கிறீட் ஊற்ற முன்னம் என்ன பார்க்க வேணும்?

ரூஜ்கரை:

வணக்கம். ஸ்காபரோவில் வீட்டின் பின்பக்கம் 12 அடிக்கு 20 அடியில் ஒரு சன்ரூம் கட்டுகிறோம். பெர்மிட் எடுத்தாச்சு, அத்திவாரம் முடிஞ்சு கிறவல் நிரப்பி இறுக்கியாச்சு. ஸ்லாப் 4 அங்குலம், மேலே தரை ஓடு. ஃபர்னஸ் குழாயை அவ்வளவு தூரம் இழுக்க விருப்பமில்லை. அதனால் 240 வோல்ட் சூட்டுக் கேபிளை மெஷ்ஷில் (கொங்கிறீட்டுக்குள் போடும் கம்பிவலை) கட்டி ஸ்லாப்புக்குள்ளேயே விட யோசிக்கிறேன். வெளிப்பக்கச் சுவர் மூன்றிலும் கண்ணாடி இருக்கு, எல்லாமாக 15 சதுர மீட்டர். ஒரு 12 அடிச் சுவரோரம் 18 அங்குல அலுமாரி வரும். 2000 வாட், 100 மீட்டர் கேபிள் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இந்தச் சூடு காணுமா? மெஷ் 6 அங்குலக் கட்டம். அந்தக் கம்பி வழியே கேபிளைக் கட்டிக்கொண்டு போகலாமா? ஊற்றின பிறகு திருத்த ஏலாத விஷயங்கள் எவை?

மின்கம்பி:

முதல் சூட்டுக் கணக்கு. ரொறன்ரோப் பக்கம் வெளியே −20, உள்ளே 20 என்று 40 டிகிரி வித்தியாசம் எடுங்கோ. இரட்டைக் கண்ணாடி 15 சதுர மீட்டரால் மட்டும் ஏறக்குறைய 1080 வாட் வெளியே போகும். சுவர், கூரை, காற்றுக் கசிவு எல்லாம் சேர்த்தால் 1800 கிட்ட வரும். 2000 வாட் காணும் என்று தோன்றும், ஆனால் கேபிள் எவ்வளவு தருகுது என்பது பாதிக் கதைதான். தரை எவ்வளவு விடும் என்பதையும் பார்க்க வேணும். கால் வைக்க வசதியான மேல்மட்டம் 29 டிகிரி. அறை 20 ஆக இருந்தால் அந்தத் தரை சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட்தான் அறைக்குள் விடும். அலுமாரியையும் ஓரத்தில் 6 அங்குலத்தையும் விட்டால் உங்களுக்கு மிஞ்சுவது சுமார் 200 சதுர அடி, அதாவது 18.6 சதுர மீட்டர். ஆகக் குளிரான நாளில் சரியாக விளிம்பில் நிற்பீர்கள். ஒரு கம்பளம் விரித்தாலே போதாமல் போகும். ஒரு பேஸ்போர்ட் ஹீட்டருக்கு (சுவரடியில் பூட்டும் மின்சூடாக்கி) இப்போதே வயர் இழுத்து விடுங்கோ.

இடைவெளி என்பது பரப்பை நீளத்தால் வகுத்தால் வருவது. 18.6 ஐ 100 ஆல் வகுக்க 18.6 சென்டிமீட்டர், 7¼ அங்குலத்துக்குச் சற்றுக் கூட. மெஷ் கம்பி வழியே 6 அங்குலத்தில் கட்டிக்கொண்டு போனால் 164 சதுர அடியிலேயே கேபிள் முடிந்துவிடும், ஒரு மூலை குளிராகவே கிடக்கும். கேபிள் எந்தக் கோட்டில் ஓடினாலும் குறுக்குக் கம்பியை 6 அங்குலத்துக்கு ஒருமுறை கடக்கும்தானே, அந்த இடங்களில் நைலோன் டை போடுங்கோ. கோடுகளை முதலே ஸ்ப்ரே பெயின்டால் குறித்துவிட்டால் இடைவெளி உங்கள் கையில். கட்டுக்கம்பி பாவிக்கவே வேண்டாம், முறுக்கும்போது உறையை வெட்டும்.

நீளம் மிஞ்சினால் வெட்ட நினைக்காதேங்கோ. பாதியாக வெட்டினால் தடை பாதியாகும், மொத்த வாட் இரட்டிக்கும், ஒரு மீட்டருக்கு நாலு மடங்கு சூடு. கேபிள் கருகிவிடும். 120 வோல்ட் கேபிளைத் தவறி 240 இல் கொடுத்தாலும் அதே நாலு மடங்குதான்.

சீமெந்துக்கை:

மின்கம்பி சொன்ன கணக்கில் ஒரு திருத்தம்: ஒரு 2000 வேண்டாம், 1000 வாட்டில் இரண்டு எடுங்கோ. காரணம் ஜொயின்ட். 4 அங்குல ஸ்லாப்பில் 8 முதல் 10 அடிக்கு வாளால் ஒரு வெட்டு (அதுதான் ஜொயின்ட்) போட வேணும், இல்லாவிட்டால் கொங்கிறீட் தனக்குப் பிடித்த இடத்தில் வெடிக்கும். உங்கள் 20 அடியில் நடுவே ஒன்று வரும். வெட்டின் ஆழம் ஸ்லாப்பின் கால்பங்கு, 1 அங்குலம். கேபிள் 2 அங்குல ஆழத்தில் கிடக்கும். மெஷ் ஓரிடத்தில் கிளம்பியிருந்தால் வாள் நேரே கேபிளில் இறங்கும். வாளுக்குத் தப்பினாலும் வெட்டுக்குக் கீழே விழும் வெடிப்பு ஒவ்வொரு குளிருக்கும் அசைந்து கேபிளை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு கேபிளை 20 அடிப் பக்கமாக நீள நீளமாக ஓட்டினால் அந்த வெட்டை 18 தடவை கடக்கும்! பாதிக்கு ஒரு கேபிள் என்று, வெட்டுக்குச் சமாந்தரமாக ஓட்டினால் ஒருமுறைகூடக் கடக்காது. இரண்டையும் பரலலாக ஒரே தேர்மோஸ்டாட்டில் கொடுக்கலாம். ஒன்று செத்தாலும் மற்றப் பாதி சுடும்.

அடுக்கு கீழிருந்து மேலே: இறுக்கின கிறவல், 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) தடிப்புப் பொலித்தீன் (மூட்டில் ஓர் அடி மேலேற்றி டேப்), 2 அங்குல எக்ஸ்.பி.எஸ். (கடின) ஃபோம் ஷீட், அதாவது ஆர்-10 அளவு சூட்டுத் தடுப்பு, பிறகு கதிரையில் (மெஷ்ஷைத் தாங்கும் சின்ன முட்டு) நிறுத்தின மெஷ். ஓரத்தை மறக்காதேங்கோ, சூடு கூடுதலாக ஓடுவது அத்திவாரத்தைத் தொடும் விளிம்பால்தான். நாலு பக்கமும் ஃபோம் நிற்பாட்டி வைக்க வேணும். மெஷ்ஷைத் தரையில் போட்டுவிட்டு ஊற்றும்போது கொக்கியால் தூக்கும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. கேபிள் கட்டின மெஷ்ஷில் அது நடக்கவே கூடாது. தூக்காமல் விட்டுவிட்டால் இன்னும் மோசம், ஃபோமில் ஒட்டிக் கிடக்கும் கேபிளுக்குச் சூட்டை விட வழியில்லை, அந்த இடமே முதலில் எரியும்.

கொங்கிறீட் பலம் 25 எம்.பி.ஏ. (மெகாபாஸ்கல்), 2.27 கன மீட்டர் கணக்கு வரும், 2.5 சொல்லுங்கோ. பின்வளவு என்பதால் பம்ப் எடுப்பது நல்லது. வீல்பாரோ கேபிளுக்கு மேல் ஓடினால் எவ்வளவு பலகை போட்டாலும் எங்காவது நசியும். மண்வெட்டி, இரும்பு வாரி, வைப்ரேட்டர் ஒன்றும் உள்ளே விடாதேங்கோ.

மின்கம்பி:

இரண்டு கேபிள் யோசனை சரி, நான் ஜொயின்ட்டை யோசிக்கவில்லை. அப்படியென்றால் சோதனை இலக்கங்கள் இவை: 1000 வாட், 240 வோல்ட்டுக்கு 57.6 ஓம். லேபிளில் வழக்கமாக −5, +10 வீதம் விட்டிருப்பார்கள், 55க்கும் 63க்கும் இடையில் காட்ட வேணும். சுருளில் இருக்கும்போதே ஒருமுறை, கட்டி முடிந்ததும் ஒருமுறை, ஊற்றின பிறகு ஒருமுறை அளந்து எழுதி வையுங்கோ. ஓம் மட்டும் பார்த்தால் போதாது. உறை கீறி உள்கம்பி அறாமல் இருந்தால் ஓம் சரியாகவே காட்டும். உள்கம்பிக்கும் அதைச் சுற்றியுள்ள எர்த் பின்னலுக்கும் இடையில் மெகரால் (உறையின் காப்பை அளக்கும் மீட்டர்) 500 வோல்ட் கொடுத்துப் பாருங்கோ, நல்ல கேபிள் 100 மெகாஓமுக்கு மேல் நிற்கும். ஊற்றும் நேரம் முழுக்க இரண்டு கேபிளிலும் மல்டிமீட்டர் மாட்டி ஓர் ஆளை நிறுத்துங்கோ. ஈரக் கொங்கிறீட்டில் அறுந்த இடத்தைக் கிளறி எடுத்து ரிப்பேர் கிட்டால் ஒட்டலாம். மறுநாள் என்றால் தேர்மல் கமெராவும் உளியும்தான்.

சூடேறும் கேபிளும் குளிர்வயரும் (தேர்மோஸ்டாட்டுக்குப் போகும் சூடேறாத வயர்) சேரும் மூட்டு முழுதாகக் கொங்கிறீட்டுக்குள் இருக்க வேணும். அதைக் கொன்டியூட்டுக்குள் (வயர் போகும் குழாய்) இழுத்துவிட்டால் காற்றில் கிடந்து கருகும். தரைச் சூட்டை அளக்கும் சென்சரை மட்டும் அரை அங்குலக் கொன்டியூட்டுக்குள் விடுங்கோ, நுனியை அடைத்து, இரண்டு ஓட்டத்துக்கு நடுவில். பழுதானால் இழுத்து மாற்றலாம். அளவுநாடாவை வைத்துப் படமும் எடுங்கோ, கதவு நிலைக்குத் துளை போடும் நாளில் தேவைப்படும்.

ஈ.எஸ்.ஏ. (ஒன்ராறியோ மின் பாதுகாப்பு அதிகாரசபை) நோட்டிஃபிகேஷன் முதலே போட வேணும். இன்ஸ்பெக்ஷன் முடியாமல் மூடக் கூடாது. லொறிக்குச் சொல்ல முன்னம் அந்தத் தேதியை எடுங்கோ.

மேப்பிள்தெரு:

நான் வேறு பக்கம். ஸ்லாப்பில் போடுவதை விட, அதே ஃபோமுக்கு மேல் வெறும் ஸ்லாப்பை ஊற்றி, ஓட்டுக்குக் கீழே மெம்பிரேனில் (கேபிளைப் பிடிக்கும் மெல்லிய விரிப்பு) கேபிளைப் பதியுங்கோ. உங்கள் ஸ்லாப் 5 தொன்னுக்கு மேல் எடை. ஒரு டிகிரி ஏற 1.3 யூனிட் கரன்ட் வேணும். 2 கிலோவாட்டில் 40 நிமிஷம். 10 இலிருந்து 25க்குப் போக, இழப்பு ஒன்றும் இல்லை என்று வைத்தாலே பத்து மணித்தியாலம். சன்ரூமில் வெயில் அடித்தால் அறை வெந்துபோகும், தரை நிற்பாட்டினாலும் பின்னேரம் வரை சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டுக்குக் கீழ் என்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் கால் உணரும், பழுதென்றால் நாலு ஓடு உடைத்தால் போதும்.

ரூஜ்கரை:

எல்லாருக்கும் நன்றி. இரவு மலிவுக் கட்டணம் எடுக்க யோசிப்பதால் ஸ்லாப்பிலேயே போடுகிறேன், 1000 இரண்டு. தேர்மோஸ்டாட், பிறேக்கர் என்ன அளவு? எப்போது ஓன் பண்ணலாம்?

மின்கம்பி:

அந்தக் கட்டணத்துக்குத் தடித்த ஸ்லாப் பொருந்தும். இரவு 11 முதல் காலை 7 வரை ஏற்றிவிட்டு, விலை ஆகக்கூடின பின்னேரம் 4 முதல் 9 வரை நிறுத்தி வைக்கலாம். தேர்மோஸ்டாட்டில் சென்சரைத் தரைக்கு மாற்றி மேல்வரம்பை 29 இல் பூட்டுங்கோ.

இரண்டும் சேர்ந்து 8.3 ஆம்ப். 15 ஆம்ப் டபுள் போல் (இரண்டு துருவ) பிறேக்கர், சிவப்பு உறை 14/2 வயர், 5 மில்லிஆம்பில் விழும் ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவைக் கண்டால் கரன்ட்டை நிறுத்தும் காப்பு) உள்ளேயே உள்ள 240 வோல்ட் தேர்மோஸ்டாட். அது அடிக்கடி விழுந்தால் தேர்மோஸ்டாட்டை மாற்ற முன்னம் கேபிளை ஒவ்வொன்றாகக் கழற்றி மெகர் பாருங்கோ.

28 நாள் ஓன் பண்ண வேண்டாம், சீமெந்துக்கை திட்டுவார். பிறகு முதல் நாள் தரையின் அப்போதைய சூட்டிலிருந்து 5 டிகிரி, அடுத்த நாள் இன்னும் 5 என்று ஏற்றுங்கோ. ஓடு பதிப்பதற்கு முதல் நாள் நிறுத்திவிடுங்கோ. சூடான தரையில் தின்செட் (ஓடு ஒட்டும் சீமெந்துக் கலவை) சீக்கிரம் காய்ந்து பிடிக்காமல் போகும். ஓடு பதித்த பிறகு எத்தனை நாளில் திரும்ப ஓன் பண்ணலாம் என்பது தின்செட் பையிலேயே இருக்கும்.