புதுப்பிப்பு: மூன்றில் இரண்டு முடிந்தது

மென்பொருள், கவிதை, நாவல் என வகைக்கு ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் பிரெடரிக் புரூக்ஸ் 1975இல் எழுதிய 'தி மித்திக்கல் மேன்-மன்த்'. தாமதமான மென்பொருள் வேலையில் புது ஆட்களைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்கிறார். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே பழையவர்களின் நேரம் போய்விடுகிறது. எங்கள் டீமில் நடந்ததும் இதேதான்.

அப்புறம் பாரதியின் 'குயில் பாட்டு'. புதுவைக்கு மேற்கே ஒரு மாஞ்சோலையில் நடக்கும் கதை. நான் பிறந்து வளர்ந்த ஊர், இவ்வளவு நாள் படிக்காமல் இருந்துவிட்டேன்! அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், மறுநாளும் கேட்டார்.

பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' பாதியில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுச்சேரி. அவசரப்பட மனமில்லை, மெதுவாகப் படிக்கிறேன்.