டிராக் டேக்கு போலோ: முதலில் ரீமேப்பா, பிரேக்கா?

வேளச்சேரி_டிஎஸ்ஐ:
அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் டிராக் டேக்குப் பதிவு பண்ணிவிட்டேன். முதல் தடவை. வண்டி 2021 ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), 6 கியர் மேனுவல், 38 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டயர், பிரேக் பேட் எல்லாம் கம்பெனியில் வந்ததுதான். கையில் நாற்பதாயிரம் ஒதுக்கியிருக்கிறேன். நண்பர்கள் ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டுவது) பண்ணிட்டுப் போ என்கிறார்கள். மெக்கானிக்கோ "எதையும் தொடாதீங்க சார்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பூஸ்ட்_பாண்டி:
ரீமேப் ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். கம்பெனி கொடுத்தது 110 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர். அந்த டர்போவில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. பணம் கட்டி உள்ளே போய், நேர்ப்பாதை வரும்போதெல்லாம் ஓரம் கட்டி வழிவிட்டுக்கொண்டே இருந்தால் என்ன சந்தோஷம்? நான் பழைய 1.2 டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன், டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி. ரீமேப் பண்ணி இரண்டு வருடம் ஆகிறது, ஒரு குறையும் இல்லை.

கோவை_மூணாம்கியர்:
தம்பி, அவசரப்படாதீங்க. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்கில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மொத்தமே இரண்டு கிலோமீட்டர் சொச்சம் உள்ள டிராக், பெரிய வேகமெல்லாம் கிடையாது. நாலாவது சுற்றில் பெடலை மிதித்தேன், பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி உள்ளே போனது. இரண்டாவது தடவை மிதித்தேன், பாதிதான் பிடித்தது. மூன்றாவது மிதிக்குள் புல்லில் இறங்கிவிட்டேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

பிரேக் ஆயில் கொதித்துவிட்டது, அவ்வளவுதான். அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதே தரத்தின் வரம்பு 155-தான். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் தரையைத் தொடுகிறது. சென்னை ஈரத்தில் உங்கள் வண்டி ஆயில் எப்போது மாற்றியது என்று சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஆளோடு சேர்த்து 1150 கிலோ வண்டியை 150 வேகத்திலிருந்து 70-க்கு இறக்க ஒரு தடவை பிரேக் போட்டால் வரும் சூடு, இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அது ஒரு வளைவுக்கு. ஒரு சுற்றில் இப்படி எத்தனை தடவை? ரீமேப் பண்ணி நேர்ப்பாதை முடிவில் இன்னும் வேகமாக வந்து சேர்ந்தால் அந்தச் சூடும் கூடத்தானே செய்யும்?

பூஸ்ட்_பாண்டி:
அண்ணே, பிரேக் ஆயில் மாற்றக் கூடாது என்று யார் சொன்னது? அதைவிடச் சூடு தாங்கும் டாட் 5.1 ஊற்றி ஏர் எடுத்தால் கூலியோடு சேர்த்து இரண்டாயிரம் சொச்சம். அவர் கையில் நாற்பதாயிரம் இருக்கிறது. மீதிக்குத்தான் ரீமேப் என்கிறேன். இரண்டையும் செய்தால் யாருக்கு வலிக்கிறது?

கோவை_மூணாம்கியர்:
மீதி டயருக்கும் பேடுக்கும். 38 ஆயிரம் ஓடிய டயரோடு டிராக்கில் ஏறினால் மதியத்துக்குள் டயரின் வெளி ஓரத்தை வழித்து எடுத்துவிடும். முன்சக்கரம்தான் வண்டியை இழுக்கணும், அதுவேதான் திரும்பணும், பிரேக்கில் பெரும்பாரமும் அதற்கேதான். போலோவுக்குப் பின்னால் டிரம்தான், மறந்துவிடாதீங்க. பிடிமானம் இல்லாத டயருக்கு இன்னும் 40 பிஎஸ் அனுப்பினால், வளைவை விட்டு வெளியே வரும்போது உள்பக்கச் சக்கரம் சும்மா சுழலும், மூக்கு வெளியே தள்ளும். புகை வரும், வண்டி போகாது.

அப்புறம் உங்கள் டிஎஸ்ஜி. அந்த உலர் கிளட்ச் பெட்டி 250 நியூட்டன் மீட்டருக்குச் செய்தது. ரீமேப்புக்குப் பிறகு நீங்கள் அதற்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். ஈசிஆரில் இரண்டு வருடம் தாங்கியதும் வெயிலில் இருபது நிமிடம் தொடர்ந்து மிதிப்பதும் ஒன்றில்லை.

பூஸ்ட்_பாண்டி:
கேட்டது மேனுவல் வண்டிக்காரர். என் பெட்டியை ஏன் இழுக்கிறீர்கள்? 😄

ஈஎம்ஐ_குமார்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். தவணை இன்னும் ஓடுகிற வண்டியா தம்பி? காப்பீட்டுத் தாளை எடுத்து "பயன்பாட்டு வரம்பு" என்ற பத்தியைப் படியுங்கள். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, இதற்கெல்லாம் காப்பு இல்லை என்று வரிசையாக எழுதியிருக்கும். சுவரில் கொண்டுபோய் மோதினால் முழுச் செலவும் உங்கள் தலையில். திங்கட்கிழமை அலுவலகத்துக்கும் அதே வண்டிதானே? பழைய ஸ்விஃப்ட் ஒன்றை இரண்டு லட்சத்துக்கு வாங்கி அதை வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். இடித்தாலும் தூக்கம் வரும்.

பூஸ்ட்_பாண்டி:
டிராக் டே பந்தயம் இல்லை. முதலிடம் இரண்டாமிடம் எதுவும் கிடையாது.

ஈஎம்ஐ_குமார்:
அதைக் கோரிக்கைப் படிவம் வைத்திருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு "வேகச் சோதனை இல்லை" என்று எப்படிச் சொல்வீர்கள்?

சோழவரம்_பழசு:
சோழவரம் விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்று பந்தயம் பார்த்தவன் நான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை வந்த பிறகு அங்கே ஓட்டியும் இருக்கிறேன், சுமாராக. குமார் சொல்கிற பயம் நியாயம்தான். ஆனால் பயந்தவன் எல்லாம் இரண்டாவது வண்டி வாங்கும்வரை காத்திருந்தால் ஆயுசு முடிந்துவிடும்.

கோவைப் பந்தய வீரர் கரிவர்தன் கட்டிய ஃபார்முலா மாருதி பந்தய வண்டியில் இருந்தது மாருதி 800-இன் அதே 796 சிசி எஞ்சின். ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் பந்தயத்தைத் தொடங்கியதே அதில்தான். பவர் இல்லாத வண்டியில் பிரேக்கை எங்கே விடுவது என்று தெரிந்தால்தான் வேகம் வரும். வேறு வழியே கிடையாது.

வேளச்சேரித் தம்பிக்கு நான் சொல்ல வந்தது வேறு. வளைவுக்குள் வேகம் அதிகம் என்று பட்டதும் புதிதாக வருபவர் எல்லோரும் ஒன்றைச் செய்வார்கள், ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுப்பார்கள். இந்தச் சின்ன வண்டிகளில் எடை முன்னால் பாயும், பின்பக்கம் லேசாகிப் பக்கவாட்டில் கிளம்பிவிடும். அதற்குள் ஸ்டியரிங்கையும் அதிகமாகத் திருப்பியிருப்பீர்கள். கதை முடிந்தது. பிரேக்கை நேராக இருக்கும்போதே முடித்துவிட்டு, மெதுவாக உள்ளே போங்கள். கண் பானெட்டில் இருக்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்தில் இருக்கணும். கடைசிச் சுற்றை பிரேக்கே தொடாமல் ஆற ஓட்டுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள், கியரில் விட்டு ஒரு கல்லை வையுங்கள்.

பூஸ்ட்_பாண்டி:
ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். ஃபார்முலா மாருதி ஒற்றை இருக்கை, எடையே இல்லாத வண்டி. அதற்கு 796 சிசி போதும். போலோ ஆயிரம் கிலோவுக்கு மேல். இரண்டையும் ஒரு தராசில் வைக்க முடியுமா? இன்னொன்று, எல்லோரும் சாம்பியன் ஆகவா போகிறோம்? மாதச் சம்பளக்காரன் வருடத்தில் இரண்டு நாள் போவது சிரிப்பதற்கு. டர்போ முதுகைத் தள்ளும்போது சிரிப்பு வருகிறது, அதற்குத்தான் பணம்.

சோழவரம்_பழசு:
தராசு விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். சிரிப்பு விஷயத்தில், பெடல் தரையைத் தொட்டபோது கோவைக்காரர் சிரித்தாரா என்று கேளுங்கள்.

கோவை_மூணாம்கியர்:
இல்லை.

வேளச்சேரி_டிஎஸ்ஐ:
போய்விட்டு வந்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. விவரம் சொல்கிறேன்.

ரீமேப் பண்ணவில்லை. டாட் 5.1 ஊற்றி, முன்பக்கம் நல்ல பேட் போட்டு, முன் டயர் இரண்டும் புதிது. ஸ்டெப்னி, ஜாக்கி, தரை மேட், டிக்கியில் கிடந்த தண்ணீர் பாட்டில் எல்லாம் வீட்டிலேயே இறக்கிவிட்டேன். வீல் போல்ட்டை டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினேன். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் அதைத் திரும்பச் சரிபார்க்கச் சொல்லி பக்கத்து பிட்டில் ஒருவர் துரத்திக்கொண்டே இருந்தார்.

காலையில் குளிர்ந்த டயரில் 32 பிஎஸ்ஐ வைத்தேன். ஆறு சுற்று முடித்து வந்து அளந்தால் முன் வெளிப்பக்கம் 40! வண்டி ஏன் எருமை மாதிரி நேராகவே போகிறது என்று அப்போதுதான் புரிந்தது. சூட்டோடு சூடாக 35-க்கு இறக்கினேன், அடுத்த செஷனில் வேறு வண்டி மாதிரி திரும்பியது. காசு கொடுத்து வாங்கிய எல்லாவற்றையும்விட இந்த ஐந்து பிஎஸ்ஐ காற்றுதான் அதிகம் வேலை செய்தது என்பேன்.

பெடல் கடைசிவரை கல் மாதிரி இருந்தது. 2 நிமிடம் 33 விநாடியில் தொடங்கி 2 நிமிடம் 24-க்கு வந்தேன். ஒரு தடவை காலை எடுத்தேன், ஐயா சொன்னபடியே பின்பக்கம் கிளம்பியது. இரண்டு நொடி உயிர் போய் வந்தது. யாரும் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று. ரீமேப் பண்ணிய போலோ ஒன்று இருந்தது. வளைவில் எல்லாம் அவரைப் பிடித்துவிடுவேன், நேர்ப்பாதை வந்ததும் கையசைத்துவிட்டுப் போய்விடுவார். நாள் முழுக்க. பாண்டி ப்ரோ, எங்கே பண்ணினீர்கள் என்று மட்டும் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

பூஸ்ட்_பாண்டி:
😎 அனுப்பியாச்சு.

கோவை_மூணாம்கியர்:
தம்பி, பின் டயர் இரண்டும் இன்னும் பழசுதானே?