மறு: "தன்னிறைவு" வேண்டாம், சரி. வேறென்ன வைப்பது?

அன்பின் குழுமத்தாருக்கு,

வணக்கம். "Self-actualization" என்ற உளவியல் கலைச்சொல்லுக்கு நம் கையேட்டில் வைக்கத் தேடும் தமிழ்ச் சொற்களின் பட்டியலிலிருந்து "தன்னிறைவு" போனதில் எனக்கு வருத்தமில்லை. அரிசியில் தன்னிறைவு, பாலில் தன்னிறைவு என்று மேடைகளில் தேய்ந்துபோன சொல் அது. உளவியல் படிக்கும் பிள்ளை அதைப் பார்த்தால், பிறர் தயவு இல்லாமல் வாழ்பவர் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் சொன்னது வேறு. ஒருவருக்கு உணவு, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு எல்லாம் கிடைத்திருக்கலாம். ஆனாலும் தம்மால் என்னவாக ஆக இயலுமோ அதுவாக ஆகாதவரை மனம் ஆறாது. இசைஞர் இசைத்தாக வேண்டும், கவிஞர் எழுதியாக வேண்டும். இந்த உந்துதல் செயலாவதற்குத்தான் நாம் சொல் தேடுகிறோம். கையேடு அச்சுக்குப் போகுமுன் முடிவெடுக்க வேண்டியிருப்பதால், வந்திருக்கும் பரிந்துரைகளைப் பற்றி எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

> "இயல்பெய்தல்" எப்படி? சுருக்கமாகவும் இருக்கிறது, நல்ல தமிழாகவும் இருக்கிறது.

இரண்டும் உண்மைதான் ஐயா. ஆனால் யாழ்ப்பாணத்தில் பத்திரிகையை விரித்தவுடன் நம்மில் பலர் தேடுவது மரண அறிவித்தல் பக்கத்தை. "இயற்கை எய்தினார்" என்று வாசித்துப் பழகிய கண், "இயல்பெய்தினார்" என்பதைப் பார்த்ததும் தகனக்கிரியை எத்தனை மணிக்கு என்று அடுத்த வரியில் தேடும்.

> ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் சண்டை முடிந்தது.

மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மருத்துவர் கிறீன், இரசாயன நூலுக்குக் "கெமிஸ்தம்" என்று பெயரிட்டார். 1875இல் வெளிவந்த நூல். இன்று அந்தச் சொல்லை யார் சொல்கிறார்கள்? மேலே போவோம்.

> சைவ மரபில் "தன்னையறிதல்" இருக்க, புதுச்சொல் எதற்கு?

இதற்குச் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும். கொழும்புத்துறை யோகர் சுவாமிகளின் "எப்பவோ முடிந்த காரியம்" என்ற வாக்கு நமக்கெல்லாம் தெரியும். தன்னையறிதல் அந்த வகையைச் சேர்ந்தது. அறிய வேண்டிய பொருள் என்றும் உள்ளது. மறைப்பு நீங்கினால் போதும். மாஸ்லோ பேசும் காரியமோ உயிர் உள்ளவரை முடியாதது. அவர் முன்மாதிரிகளாக எடுத்துக்கொண்டவர்களில் லிங்கன், ஐன்ஸ்டைன், எலினோர் ரூஸ்வெல்ட் ஆகியோர் இருந்தார்கள். இத்தகையோரிடமும் பிடிவாதமும் கோபமும் சில வேளைகளில் ஈரமின்மையும் காணப்படும், குறையற்ற மனிதர் எவருமில்லை என்று அவர் ஒளிக்காமல் எழுதினார். தன்னையறிந்த ஒரு சுவாமியைப் பற்றி நம் ஊரில் அப்படி எழுத யாருக்கும் கை வராது. பிற்காலத்தில், தன்னைக் கடந்து நிற்றல் என்பதை அவர் வேறாகப் பிரித்தும் பேசினார். ஆகவே அந்தச் சொல்லை அதன் மரபுக்கே விட்டுவிடுவோம்.

> "முழுத்திறன் வெளிப்பாடு". மாணவர்களுக்கு உடனே விளங்கும்.

விளங்கும், பிழையாக விளங்கும். ஆதரவு அதிகம் இருப்பது இதற்குத்தான் என்பதால் என் மறுப்பையும் அழுத்தமாகவே சொல்கிறேன். "முழுத்திறன்" என்றதும் யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் மனதில் உயர்தரப் பெறுபேறு வந்து நிற்கும், கூடவே மருத்துவபீடமும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பெரிய தடையாக இருப்பது இந்தக் கருத்து பிறந்த இடம்.

இதை முதலில் வகுத்தவர் மாஸ்லோ அல்லர். கேர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர். முதலாம் உலகப் போரில் மூளையில் காயம்பட்ட சிப்பாய்களைப் பிராங்பேர்ட்டில் வைத்துப் பராமரித்தவர். அங்கே கண்டவற்றை அடித்தளமாகக் கொண்டு 1934இல் தம் முதன்மையான நூலை வெளியிட்டார். அந்தச் சிப்பாய்களிடம் அவர் ஒன்றைக் கவனித்தார்: தம் உடைமைகளை அளவுக்கு மீறிய ஒழுங்குடன் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓரிடம். அந்த ஒழுங்கு குலைந்தால் தாங்கமுடியாத பதற்றம். இதை வெறும் நோய்க்குறியாக எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ, எஞ்சியிருக்கும் ஆற்றலுக்குள் சமாளிக்கக்கூடிய ஓர் உலகத்தை அந்த மனிதர் தமக்கு அமைத்துக்கொள்கிறார் என்று கண்டார். எந்த நிலையிலும் தனக்கு இயன்றதைச் செயலாக்க முனைவதே உயிரின் அடிப்படை உந்துதல் என்றார்.

போர்க்காயத்திலிருந்து பிறந்த கருத்து இது. போரைக் கடந்துவந்த ஊரில் இருந்துகொண்டு அதற்கு "முழு" என்று பெயர் வைத்தால் காயம்பட்டவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். வலிகாமத்தில் எனக்குத் தெரிந்த வானொலி திருத்துநர் ஒருவருக்கு வலக்கை முழங்கைக்குக் கீழே இல்லை. சுற்றுப்பலகையை மேசை விளிம்பில் ஓர் இடுக்கியால் கவ்வவைத்து, ஈயக்கம்பியைப் பல்லில் பிடித்து, சூட்டுக்கோலை இடக்கையில் எடுத்து ஒட்டுவார். ஈயத்தை வாயில் வைக்காதீர்கள் என்று சொன்னால் சிரிப்பார். திறந்து பார்க்காத பழைய பெட்டி எதையாவது கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவரிடம் எதை முழு, எதைக் குறை என்று அளப்பது?

> மக்களுக்கு இன்னும் காணியும் வீடும் சரிவரவில்லை. கூம்பின் உச்சியைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும்?

களத்தில் நிற்கும் அக்கா கேட்டிருப்பதால் இந்தக் கேள்விக்கு மரியாதை கூட. ஆனால் அக்கா, அடியில் உணவும் உச்சியில் நாம் பேசும் இதுவுமாகத் தேவைகளை அடுக்கிக் காட்டும் அந்தக் கூம்பை மாஸ்லோ வரையவில்லை. அவருடைய கருத்தை முகாமைத்துவத்துக்கு எடுத்துச் சென்றவர்கள் பின்னர் வரைந்த படம் அது. கீழ்ப்படி முற்றாக நிறைந்தபின்தான் மேற்படி என்று அவர் சொன்னதுமில்லை. சராசரி மனிதரிடம் நிறைவேறியிருப்பது உடல் தேவை 85 வீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, மதிப்பு 40, நாம் பேசும் இது 10 என்று, விளக்கத்துக்காகத் தாமே இட்ட எண்களுடன் 1943இலேயே எழுதிவிட்டார். பசி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதையும் அவர்தான் சொன்னார். ஆகவே காணியையும் வீட்டையும் கேட்பதை நிறுத்தச் சொல்லி யாரும் இந்தக் கருத்தைப் பயன்படுத்த முடியாது.

எப்படி அங்கே போவது என்பதில் அவருடைய பிற்கால எழுத்துகள் மிக எளியவை. அச்சத்தின் பக்கமா, வளர்ச்சியின் பக்கமா என்ற தெரிவு ஒரு நாளில் பலமுறை வரும். வளர்ச்சியின் பக்கம் சாய வேண்டும். ஒரு வேலையில் தன்னை மறக்க வேண்டும். ஊருக்குப் பிடிக்காத கருத்தைச் சொல்லும் துணிவும் வேண்டும் (இந்த இழையில் அதற்குப் பஞ்சமில்லை). இன்னொரு அமெரிக்க உளவியலாளரான கார்ல் ரொஜர்ஸ் இதற்குச் சூழலையும் சேர்த்தார்: நிபந்தனை வைக்காமல் ஏற்றுக்கொள்ளும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். சிறுவயதில் தம் வீட்டு நிலவறையில் பார்த்த உருளைக்கிழங்கு முளைகளை அவர் எழுதியிருக்கிறார். வெளிறி, மெலிந்து, எட்டாத சிறு யன்னலின் ஒளியை நோக்கி நீண்ட முளைகள். செம்மண்ணில் கிழங்கு நடுகிற நம் பக்கத்தாருக்கு இதற்கு உரை வேண்டாம்.

ஆகவே என் பரிந்துரை: தன்னியல் மலர்ச்சி. "இயல்" என்ற ஒரே வேரில் இயல்பும் இருக்கிறது, இயலுதலும் இருக்கிறது. காயம்பட்டவருக்கும் இயன்றது ஒன்று உண்டு. "தன்னியல் நிறைவு" என்று எழுதியவர்களுடன் பாதிவழி வருகிறேன்; "நிறைவு" என்றவுடன் காரியம் முடிந்துவிடுகிறது, அதனால் அங்கே இறங்கிக்கொள்கிறேன்.

> "மலர்" என்றால் இங்கே ஆண்டு மலர், நினைவு மலர்தானே!

மலர் வேறு, மலர்ச்சி வேறு. முகமலர்ச்சி என்றால் யாரும் அச்சகத்தை நினைப்பதில்லை. "மறுமலர்ச்சி" என்ற பெயரில் யாழ்ப்பாணத்தில் 1946இல் ஒரு சஞ்சிகையே வந்ததே என்று மடக்கப் பார்ப்பீர்கள். அந்தச் சொல் சஞ்சிகை நின்ற பிறகும் நன்றாகத்தான் வாழ்கிறது.

வினையாக "தன்னியல் மலர்தல்". ஆட்களுக்கு "தன்னியல் மலர்வோர்". "மலர்ந்தோர்" என்று இறந்தகாலத்தில் எழுத வேண்டாம். உளவளத்துணை அமர்வுகளில் இந்தச் சொல்லையே தூக்கிவைக்கத் தேவையில்லை. "உங்களால் இயன்றதில் எது இன்னும் வெளியே வரவில்லை?" என்று கேட்டால் போதும்.

மறுப்பவர்கள் வேறு சொல்லை மட்டும் அனுப்பாமல் அதன் வினைவடிவத்தையும் ஆள்வடிவத்தையும் ஒரு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள். அக்கா, உங்கள் அமர்வு ஒன்றில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதினால், அச்சகத்துக்குக் கொடுப்பதை அதுவரை தள்ளிவைக்கலாம்.

அன்புடன்,
உரும்பிராயிலிருந்து