லக்சம்பர்க் பள்ளிகளில் முதல் எழுத்து: ஜெர்மனா, பிரெஞ்சா?

எஷ்வாசி:
லக்சம்பர்க்கைப் பற்றிப் பேச்சு வந்தாலே, அங்கே குழந்தைகள் மூன்று மொழிகளில் படிக்கிறார்கள் என்ற வியப்போடு பேச்சு முடிந்துவிடுகிறது. எஷ் நகரில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவருபவன் என்ற முறையில் அந்த வியப்பை என்னால் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. நான்கு வயதில் கட்டாயக் கல்வி தொடங்கும்போது வகுப்பில் நாட்டு மொழியான லக்சம்பர்கிஷ் பேசுகிறார்கள்; 2017 முதல் பிரெஞ்சையும் பேச்சளவில் சேர்த்திருக்கிறார்கள். ஆறு வயதில் எழுதப் படிக்கக் கற்பதும் கணக்குப் போடுவதும் ஜெர்மனில். ஓராண்டு கழித்துப் பிரெஞ்சு பாடமாக வருகிறது. உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் அதே கணக்குப் பிரெஞ்சுக்கு மாறிவிடுகிறது. இன்று தொடக்கப் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு லக்சம்பர்கிஷ் வீட்டு மொழி அன்று.

என் மகனோடு படிக்கும் போர்த்துகீசியக் குடும்பத்துப் பையன் ஒருவன் எங்கள் வீட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பதினேழு ஆப்பிளில் ஒன்பதைக் கொடுத்தால் எத்தனை மீதி என்பதுதான் கேள்வி. அவன் இரண்டு எண்களையும் கூட்டி, கோடு கிழித்து, 26 என்று எழுதியிருந்தான். கழித்தல் அவனுக்கு நன்றாகவே வரும். 'மீதி' என்பதைக் குறிக்கும் 'யூப்ரிக்' என்ற ஜெர்மன் சொல்தான் தெரியவில்லை. பன்னிரண்டு வயதில் இவனைக் கல்லூரிக்கு இட்டுச்செல்லும் 'கிளாசிக்' பிரிவுக்கு அனுப்புவதா, தொழில்சார்ந்த பொதுப் பிரிவுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். அந்த முடிவில் கணக்கறிவுக்கு எத்தனை பங்கு, ஜெர்மனுக்கு எத்தனை பங்கு?

மொசெல்கரை:
ஐயா, அந்தப் பையனின் நிலை எனக்கு நன்றாகவே புரிகிறது. இருபது ஆண்டுகள் மொழி கற்பித்தவள் நான். ஆனாலும் ஜெர்மனில் தொடங்குவது மூடத்தனம் என்று உங்கள் பதிவு தோன்றவைப்பதை ஏற்க முடியவில்லை. லக்சம்பர்கிஷ் என்பது மொசெல் ஆற்றுப் பகுதியின் பிராங்கோனியம் என்ற ஜெர்மன் வட்டார வழக்கிலிருந்து வளர்ந்த மொழி. அதைப் பேசும் குழந்தைக்கு ஜெர்மன் எழுத்து அடுத்த படிதான். 1843ஆம் ஆண்டுச் சட்டமே தொடக்கப் பள்ளியில் ஜெர்மனையும் பிரெஞ்சையும் சேர்த்து வைத்தது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் லக்சம்பர்கிஷைத் தேசிய மொழியாக்கியபோதும், மூன்றையும் நிர்வாகத்தில் நிறுத்தி, சட்டங்கள் எழுதும் மொழியாகப் பிரெஞ்சை வைத்துக்கொண்டது.

ஜெர்மன் வழியா பிரெஞ்சு வழியா என்பதைப் பெற்றோரே தெரிந்தெடுக்கலாம் என்னும் திட்டம் 2022இல் நான்கு பள்ளிகளில் தொடங்கியது. இப்போது நாடு முழுவதற்கும் விரியப்போகிறது. யார் எதைத் தெரிந்தெடுப்பார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். லக்சம்பர்கிஷ் பேசும் வீட்டார் ஜெர்மனையும், போர்த்துகீசியம் பேசும் கட்டடத் தொழிலாளியின் வீட்டார் பிரெஞ்சையும் எடுப்பார்கள். ஒரே வகுப்பில் ஆறு வயதிலேயே வீட்டு மொழி வாரியாக இரண்டு மேசைகள் போட்டுவிட்டு, பதினெட்டு வயதில் இவர்கள் ஒரே நாட்டினர் என்று சொல்வதை யார் நம்புவார்கள்? அரசுப் பணிக்கு மூன்று மொழியும் வேண்டும் என்பதால், ஜெர்மன் மெலிந்த பிள்ளைக்கு அந்தக் கதவு மறுபடியும் மூடிக்கொள்ளும்.

மொழிதான் இந்த நாட்டைக் காத்தது என்பதை மறக்க வேண்டாம். 1941 அக்டோபரில், நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் நாஜி ஆட்சியாளர் கணக்கெடுப்பு நடத்தி, குடியுரிமை, தாய்மொழி, இனம் ஆகிய மூன்றையும் கேட்டபோது, மூன்றுக்கும் 'லக்சம்பர்கிஷ்' என்றே மக்கள் பதிலளித்தார்கள்.

எஷ்வாசி:
அம்மா, நீங்கள் காட்டிய சான்று என் பக்கம்தான் நிற்கிறது. அந்த ஆட்சி பிரெஞ்சைத் தடைசெய்து ஜெர்மனைத் திணித்தது; லக்சம்பர்கிஷை ஜெர்மனின் ஒரு வட்டார வழக்கு என்று மட்டுமே கருதியது. மக்கள் 'லக்சம்பர்கிஷ்' என்று எழுதியது அந்தக் கருத்தை மறுத்துத்தான். இன்று ஜெர்மன் எழுத்தை அதன் இயல்பான நீட்சி என்று சொல்லும்போது, கொஞ்சம் நிதானம் வேண்டாமா? மேலும் அந்த நீட்சி லக்சம்பர்கிஷ் பேசும் பிள்ளைக்கு மட்டுமே படி. போர்த்துகீசியமோ பிரெஞ்சோ பேசிவரும் பிள்ளைக்கு அது சுவர்.

இரண்டு மேசை பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் பிரிவினை இப்போதே இருக்கிறது, பன்னிரண்டு வயதில் வெளிப்படுகிறது, அவ்வளவுதான். புதிய திட்டத்தில் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பார்கள்; லக்சம்பர்கிஷ் எல்லாருக்கும் பொதுப் பேச்சு மொழியாக இருக்கும்; மற்ற மொழியையும் பின்னர் கற்றாக வேண்டும். அரசுப் பணித் தேர்வில் ஜெர்மன் தடையாகும் என்கிறீர்கள். என் மகனின் நண்பன் அந்தத் தேர்வு வரை போவானா என்பதல்லவா கேள்வி? பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து நாள்தோறும் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்கு வந்து போகும் நாட்டில், ரொட்டிக் கடையில் அவன் பேசுவது பிரெஞ்சு.

தென்றல்வீதி:
இருவருமே ஒன்றைத் தொடாமல் போகிறீர்கள். 1975இல் அதிகாரபூர்வ எழுத்துமுறை வகுத்து, 2019இல் திருத்தியும் அமைத்த மொழியில் ஏன் முதல் எழுத்தைக் கற்பிக்கக் கூடாது? 2018இல் அதை வளர்க்கத் தனிச் சட்டம் வந்தது. 2023இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தம், நாட்டின் மொழி லக்சம்பர்கிஷ் என்று தெளிவாக எழுதிவிட்டது. ஆனால் 1912 முதல் தொடக்கப் பள்ளியில் பாடமாக இருந்தும், வாரத்தில் அதற்குக் கிடைப்பது சொற்ப நேரமே.

மொசெல்கரை:
தென்றல்வீதியின் கேள்வி என் மனத்துக்கு மிக நெருக்கமானது. ஆனால் எழுத்துக் கற்ற பிள்ளை அடுத்த நாள் எதைப் படிப்பாள்? நாளிதழும் பாடநூலும் இன்னும் பெரும்பாலும் ஜெர்மனிலோ பிரெஞ்சிலோதான் வருகின்றன. ஆறு லட்சத்துச் சொச்சம் மக்கள் வாழும் நாட்டில், அவர்களிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் எனும்போது, பதிப்பகங்களால் எவ்வளவு தாங்க முடியும்?

எஷ்வாசி சொன்ன கணக்கைப் பற்றி மட்டும் என் நிலையைத் திருத்திக்கொள்கிறேன். தொண்ணூற்று நான்கை ஜெர்மனில் 'நான்கும் தொண்ணூறும்' என்றும், பிரெஞ்சில் 'நான்கு இருபதும் பதினான்கும்' என்றும் சொல்ல வேண்டும். ஜெர்மனில் சொன்னதைக் கேட்டு 49 என்று எழுதும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். இதைத் தாண்டி வந்தவனை உயர்நிலையில் மறுபடி பிரெஞ்சு எண்களுக்குள் தள்ளுவது தேவையற்ற சுமை. கணக்கை ஒரே மொழியில் இறுதிவரை கொண்டுபோக வழி வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். எழுத்துப் பாடத்தைப் பிரிப்பதை இன்னும் எதிர்க்கிறேன்.

எஷ்வாசி:
அந்த அளவுக்கு நீங்கள் வந்தது எனக்குப் பெரிது, அம்மா. அப்படியானால் கேள்வி ஒன்று: கணக்கை இறுதிவரை எந்த மொழியில் கொண்டுபோவது என்று பெற்றோரிடம் கேட்பீர்களா, பள்ளியே முடிவு செய்யட்டும் என்பீர்களா? பள்ளிதான் என்றால், என் மகனின் நண்பனுக்கு அது மறுபடியும் ஜெர்மனாகவே இருக்கும்.