புதுப்பிப்பு: பழைய வெளிப்புற விறகு பாய்லரின் விலை எதில் இறங்கியது

அமெரிக்காவின் விஸ்கான்சினில் 4,000 டாலர் சொல்லும் பழைய வெளிப்புற விறகு பாய்லருக்கு (வெளியே நின்று விறகெரித்து, சுடுதண்ணீரால் வீட்டைச் சூடாக்கும் அடுப்பு) எவ்வளவு கொடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். 2,600-க்கு முடிந்தது. விலையை இறக்கியது பாய்லருக்குள் இருந்த தண்ணீர்தான். வடிகுழாயில் பிடித்ததும் செம்பழுப்பாக வந்தது. துருத்தடுப்பு மருந்தைச் சரியாகச் சேர்க்காமல் ஓட்டியதன் அடையாளம் அது.

அடுத்து, சாம்பலை முழுக்க வாரிவிட்டு அடுப்பறையின் பின்சுவரையும் கதவோரத்தையும் சுத்தியலால் தட்ட வேண்டும். இங்கே கணீரென்றே கேட்டது. மந்தமாகக் கேட்டால் தகடு அரித்து மெலிந்திருக்கலாம். வாரிய பிறகும் வெல்டு ஓரத்தில் ஈரம் கசிந்தால் விலையே பேசாதீர்கள். கதவுக் கேஸ்கட் (இடுக்கை அடைக்கும் பட்டை), காற்றுவிசிறி, பம்பு தேய்ந்திருந்தால் புதிதின் விலையைக் கழித்துக் கேட்கலாம். மண்ணுக்கடியில் கிடக்கும் காப்பிட்ட குழாயைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தோண்டினால் பெரும்பாலும் தேறாது. இபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) சான்றில்லாத பழசு என்றால், முன்பணம் கொடுக்கும் முன்னே உள்ளூர்ப் புகை விதியை விசாரித்துவிடுங்கள்.